நன்றியுரைக்கு வந்த விசாரணை

1

நன்றி சொன்னதற்காக உங்களில் யாரையாவது விசாரணைக்கு அழைத்திருக்கிறார்களா? என்னை அழைத்தார்கள். நான் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, ஒருவரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. நன்றி சொன்னேன், அவ்வளவுதான். நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ராயபுரத்தில் என் தம்பி தாஸ் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான். அவள் பாதியிலேயே ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில் நியூகாசில் என்ற ஊரில். நிலக்கரி ஏற்றி அனுப்புகிற துறைமுகம். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால் கடலில் கப்பல்கள் முறை வைத்துக் காத்திருக்கும். என் வீட்டுக்காரர் அந்தோணி எண்ணூர்க்காரர். துணி காயப்போட்டால் கரி படிகிற தெருவில் வளர்ந்தவர். அந்தத் தூசே வேண்டாம் என்று கடல் தாண்டி வந்தவருக்கு இங்கே கிடைத்த வேலை, கரி ஏற்றும் கன்வேயரைப் பழுதுபார்ப்பது. "நம்மள வுடாம தொரத்திகினே வந்துட்ச்சி, ரெஜி" என்று இன்றைக்கும் சொல்வார்.

நான் இங்கே வந்த நாளாக முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தேன். குளிப்பாட்டுவது, உடுத்துவது, நடக்கவைப்பது. நாற்பதைத் தாண்டிய பிறகு நர்ஸ் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் என் மகள் வயதுப் பிள்ளைகள். மகள் ஷெரினுக்குப் பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். இந்தக் கதையில் வில்லங்கம் அவளால் வந்தது, இல்லை, என்னால் அவளுக்கு வந்தது. எப்படியென்று சொல்கிறேன்.

2

இங்கே மாணவர் கட்டுரைக்கு உள்ளே இருக்கும் சரக்கைவிடப் போட்டிருக்கும் சட்டை முக்கியமோ என்று எனக்கு முதல் வருடம் முழுக்கச் சந்தேகம். நாலு பக்கமும் ஒரே அளவு ஓரம் விட வேண்டும். எழுத்து இன்ன வகை, இன்ன அளவு. வரிக்கு வரி இரட்டை இடைவெளி. முகப்பில் பெயர் கூடாது, மாணவர் எண் மட்டும்தான். எழுதியது யாரென்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாதாம். கடைசியில், படித்த புத்தகங்களின் பட்டியல். அதில் ஒவ்வொரு நூலுக்கும் முதல் வரி ஓரத்தை ஒட்டி நிற்க வேண்டும், அடுத்த வரிகள் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். எழுதியவரின் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் பின்னால். நூலின் பெயர் சாய்ந்து நிற்க வேண்டும். புள்ளி இடம் மாறினால் அதற்கும் மதிப்பெண் குறையும்.

நாம் படித்த படிப்பு அப்படியா? இரண்டு பக்கமும் மார்ஜின் கோடு, தலைப்புக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் இரட்டைக் கோடு, பதில் முடிந்த இடத்தில் ஒரு பூ. எவ்வளவு ஜோடித்தோமோ அவ்வளவு மார்க். முதல் கட்டுரையில் தலைப்புகளுக்கு ஊதா நிறம் கொடுத்து அனுப்பினேன். 'இது தேவையில்லை' என்று திரும்பி வந்தது.

இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். எனக்குத் தாளின் உச்சியில் ஒரு சின்னச் சிலுவை போடாமல் ஒரு வரிகூட ஓடாது. பள்ளியில் சிஸ்டர் பழக்கிவிட்டது. நம்மில் மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுவதில்லையா, அதைப் போல. கணினியில் சிலுவைக்கு எங்கே போவது? கூட்டல் குறியைத் தட்டிவிட்டேன், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும். 'இந்தக் குறி எதைக் குறிக்கிறது?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை, போடுவதையும் விடவில்லை. அடுத்த கட்டுரையிலிருந்து யாரும் கேட்கவில்லை. சரி, பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊதா நிறத்துக்குப் பிறகு கட்டுரையின் ஓரம், இடைவெளி, பட்டியல் வேலையெல்லாம் ஷெரின் கைக்குப் போனது. அவள் பேசுகிற தமிழ், அப்பா கொடுத்த சீதனம். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் டீச்சரிடம், "இன்னா மிஸ், நல்லா கீறீங்களா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தவள். நான் கணினி முன்னால் முழித்துக்கொண்டிருந்தால் வந்து நிற்பாள்.

"தள்ளு மா. இன்னா இப்டி பண்ணி வச்சிகீற? இது ஃபுல்லா கலீஜா கீது."

பத்து விரலும் ஓடும். நான் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பேன். உடனே, "தாங்ஸ் மா."

அந்த இரண்டு சொல் எனக்குச் சுருக்கென்று தைக்கும். தண்ணீர் கொடுத்தால் தாங்ஸ், சாக்ஸைத் தேடிக் கொடுத்தால் தாங்ஸ், பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கும் அதே தாங்ஸ். டிரைவரும் நானும் ஒன்றா? வீட்டுப் பெண் விருந்தாளி மாதிரிப் பேசினால் வயிறு எரியாதா? ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

"நீ ஒரு தபா எனக்கு சொல்லிகீறியா? இவ்ளோ பேப்பர் பண்ணி குடுத்தேன். ஒரு தாங்ஸ்?"

"பெத்த பொண்ணுக்கு எவளாவது தாங்ஸ் சொல்லுவாளாடி?"

"எல்லாரும் சொல்றாங்க. என் ஃப்ரெண்ட் அம்மால்லாம் சொல்றாங்க. உனக்குத்தான் வராது."

அதற்குப் பிறகு அவள் அறைக்கதவு அதிக நேரம் மூடியே இருந்தது. கேட்டால் மட்டும் வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். இங்கே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு விலகுவதில்லை. மரியாதையாக விலகிவிடுகிறார்கள், நமக்குத் தெரிவதற்குள் பாதி தூரம் போய்விடுகிறார்கள்.

3

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. என் அப்பா, நாங்கள் நைனா என்போம், சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வேலை முடிந்து உப்பு பூத்த சட்டையோடு வந்து சாப்பிட உட்காருவார். அம்மா வைத்த மீன் குழம்பை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நன்றாக இருந்தால் தட்டை நீட்டுவார். "இன்னும் கொஞ்சம் ஊத்து." அம்மா ஊற்றுவாள். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் அச்சில் மட்டும் நாங்கள் நன்றியை அள்ளிக் கொட்டுவோம். கல்லூரியின் கடைசி வருடம் ப்ராஜெக்ட் செய்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு காலிகோ அட்டை, மேலே தங்க எழுத்து. முதல் தாள் வழிகாட்டியின் சான்றிதழ், இரண்டாம் தாள் நன்றியுரை. அதில் கடவுளில் தொடங்கி, பெற்றோர், முதல்வர், துறைத்தலைவர், வழிகாட்டி, ஆய்வக உதவியாளர், தோழிகள் என்று வரிசை போகும். வரிசை பிசகினால் துறைத்தலைவர் முகம் ஒரு வாரத்துக்குச் சரியிருக்காது.

எங்களுக்கெல்லாம் காலடிப்பேட்டையில் ஒரு டி.டி.பி. கடைதான் கதி. கடைக்கார அண்ணன் கணினியில் ஒரு நன்றியுரையைத் தயாராக வைத்திருந்தார். பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். சில நேரம் அதையும் மறந்துவிடுவார். என் தோழி விமலாவின் ப்ராஜெக்டில், 'என்னை இந்நிலைக்கு உயர்த்திய காசிமேடு சித்தப்பா திரு. ஞானப்பிரகாசம் அவர்களுக்கு' என்று அச்சாகி, தங்க எழுத்து அட்டைக்குள் பைண்டாகியும் வந்துவிட்டது. விமலாவுக்குச் சித்தப்பாவே கிடையாது. வாய்மொழித் தேர்வில், "சித்தப்பா சௌக்கியமா?" என்று கேட்டார்கள். அவள் சௌக்கியம் என்றாள்.

எனக்கு நடந்தது வேறு. அவசரத்தில் அந்தத் தாளை வைக்காமலேயே பைண்ட் பண்ணிக் கொண்டுபோய் நின்றேன். துறைத்தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

"உனக்குச் சோறு போட்டவங்க, பாடம் சொன்னவங்க யாருமே இல்லையாம்மா? ஆகாசத்துலேர்ந்து குதிச்சியா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டார். கடைக்கு ஓடி, அட்டையைக் கிழித்து, நன்றியுரையைச் சேர்த்து, மறுபடியும் ஒட்டிக்கொண்டு வந்தேன். நைனாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அன்று சாயங்காலம், "என் பேரு எங்க கீது?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவள் பெயரையும் காட்டினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மா சொல்லவில்லை. நினைத்தது போதாது, இரண்டாம் பக்கத்தில் போட வேண்டும் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறிவிட்டது.

4

போன மாதம் படிப்பின் கடைசிக் கட்டுரை, பெரிய கட்டுரை. முதியவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது பற்றி. ஷெரினுக்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் உட்கார்ந்து ஓரமெல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். நான் அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனேன். மனசு கேட்கவில்லை. மூன்று வருடப் படிப்பு முடிகிறது. நன்றியில்லாமல் எப்படி அனுப்புவது? ஆகாசத்திலிருந்து குதித்தவளா நான்?

முகப்புக்கு அடுத்து ஒரு பக்கம் சேர்த்தேன். கடவுள், அம்மா, மறைந்த நைனா, இரவு வேலைக்குப் போய்வந்தும் எனக்குச் சோறு வடித்த அந்தோணி. பிறகு ஷெரின். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் அந்த டி.டி.பி. கடை அண்ணனின் நடை விரலில் அப்படியே வந்தது. 'இக்கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் என் மகள் ஷெரினின் கை இருக்கிறது. அவள் இல்லையேல் இக்கட்டுரையே இல்லை.' படித்துப் பார்த்தேன், கண் கலங்கியது. அனுப்பிவிட்டேன்.

சில நாளில் மின்னஞ்சல் வந்தது. தலைப்பே 'கல்வி நேர்மை தொடர்பான சந்திப்பு'. என் கட்டுரையில் பெயர்கள் இருந்ததால் அடையாளம் வெளிப்பட்டுவிட்டதாம். அது சின்ன விஷயம். இரண்டாவதுதான் இடி. கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் வேறொருவரின் பங்கு இருப்பதாக மாணவரே எழுத்தில் கூறியிருப்பதால், இது அவருடைய சொந்த எழுத்துத்தானா என்று விளக்க வேண்டும். எந்திரத்தை விட்டு எழுதவைக்கிறார்கள், ஆள் வைத்து எழுதவைக்கிறார்கள் என்று இங்கே எல்லாக் கல்லூரியிலும் இப்போது இதே பதற்றம். அதற்கு நடுவே நான் போய்க் கைப்பட வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன்.

குற்றம் உறுதியானால் அந்தப் பாடம் தோல்வி. கடைசி ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். நர்ஸாகப் பதிவு செய்யும்போதும் இதைக் கேட்பார்கள். நாற்பத்தைந்து வயதில் இன்னொரு வருடத்தை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

5

அந்தோணிக்குக் கோபம் முதலில் வந்தது, விஷயம் அப்புறம்தான் புரிந்தது. "நன்றி சொன்னது ஒரு குத்தமா? இன்னா ஊருடா இது!"

தம்பி தாஸ் போனில் யோசனை சொன்னான். "அக்கா, நீ பேஜாராவாத. டி.டி.பி. கடக்காரன் பேர மாத்தாம வுட்டுட்டான்னு சொல்லிடு. விமலாக்காவுக்கு சித்தப்பா வந்தா மாரி உனக்கு ஒரு பொண்ணு வந்துட்ச்சின்னு சொல்லு."

அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். நாளைக்கு இதை வாசிக்கும்போது அவனே மாட்டிக்கொள்வான்.

ஷெரினிடம் சொல்லத்தான் பயந்தேன். சொன்னதும் வெளுத்துவிட்டாள்.

"என் பேர ஏம்மா போட்ட? அத யாரு உன்ன போட சொன்னா? நீ ஃபெயிலானா என்னாலதான?"

"உன்னால இல்லடி. நாந்தான்..."

"காட்டு."

பக்கத்தைத் திறந்து காட்டினேன். நின்றபடியே படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடியும் படித்தாள்.

"இது நீயா எழுதன?"

"பின்ன யாரு எழுதுவா?"

"கூகுள்ல கீறத எடுத்து போட்டியா?"

"காலடிப்பேட்டையில கீறது. பேரு மட்டும் நெஜம்."

அவள் எழுந்து அறைக்குப் போனாள். கோபமா, அழுகையா, எனக்குப் புரியவில்லை. அன்று கதவு சாத்தப்படவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். சந்திப்புக்குப் போகும் நாளில், பள்ளிக்குக் கிளம்ப வேண்டியவள் என் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன். துணைக்கு ஒருத்தர் வரலாம்னு அதுல போட்டுகீது."

6

துணைக்கு வருகிறவர் பேசக் கூடாது, கேட்டால் மட்டும் பேசலாம் என்பது விதி. ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததை, அவள் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிரே பாடத்தின் பொறுப்பாளர் ஹெலன், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண். ஹெலன் என் வயதுக்காரர். முகத்தில் கடுமை இல்லை, சிரிப்பும் இல்லை.

கட்டுரையை மூடிவைத்துவிட்டு, "நீங்கள் எழுதியதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார்.

தரை வழுக்குவதாலும் கால் பலவீனத்தாலும் மட்டும் முதியவர்கள் விழுவதில்லை என்று ஆரம்பித்தேன். மணியடித்து உதவிக்குக் கூப்பிடத் தயங்குவதால் விழுகிறவர்கள் உண்டு. எந்த ஆய்வில் அதைப் படித்தேன், எதில் எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லச் சொல்லப் பேச்சு தானாக ஓடியது. எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியைப் பற்றியும் சொன்னேன். தனியாகக் குளியலறைக்கு எழுந்து எழுந்து விழுவார். ஏன் மணியடிக்கவில்லை என்று கேட்டால், "ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் தாங்க்யூ சொல்வது?" என்பார். ஹெலன் அவராகவே இரண்டு மூன்று கேள்வி கேட்டார். நான் பயத்தை மறந்து பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தார். "ஒவ்வொரு பக்கத்திலும் மகளின் கை என்றால் என்ன அர்த்தம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, வரிசை, ஆகாசத்திலிருந்து குதித்த கதை, விமலாவின் சித்தப்பா. சித்தப்பாவிடம் வந்தபோது ஹெலன் சிரித்துவிட்டார். குறிப்பெடுத்த பெண்ணும் குனிந்துகொண்டாள். சிரித்து முடித்துவிட்டு ஹெலன் ஷெரின் பக்கம் திரும்பினார். "நீ என்ன செய்தாய் என்று நீயே சொல்."

ஷெரின் ஆங்கிலத்தில், விரல் விட்டு எண்ணினாள். ஓரம், வரி இடைவெளி, பக்க எண், பட்டியலில் இரண்டாம் வரியை உள்ளே தள்ளுவது, நூல் பெயரைச் சாய்ப்பது. பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்புறம் கூட்டல் குறி."

"என்ன கூட்டல் குறி?"

"அம்மா எல்லாப் பக்கத்தின் தலையிலும் ஒன்று போடுவார்கள். சிலுவை. விடச் சொன்னால் வருத்தப்படுவார்கள். அதனால் அவர்கள் எழுதும்போது விட்டுவிடுவேன், அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் போய் எடுத்துவிடுவேன். மூன்று வருடமாக."

எனக்கே அப்போதுதான் தெரியும். அவள் கைக்குப் போன பக்கங்களை நான் ஒரு தடவையும் திருப்பிப் பார்த்ததில்லை. பழகிவிட்டார்கள் என்று நினைத்தேனே, ஒருவரும் பழகவில்லை. இவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறாள்.

ஹெலன் என் நன்றியுரையை மறுபடியும் ஒரு தடவை படித்தார். "அப்படியென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் இவள் கை இருந்தது உண்மைதான்" என்றார். ஓரமும் இடைவெளியும் சரிசெய்ய உதவி வாங்குவதற்குத் தடையில்லை, கருத்தும் எழுத்தும் என்னுடையதே என்று தான் எழுதிவிடுவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு மறுபடியும் அனுப்ப வேண்டும், விதி மீறியதற்குச் சிறிது மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கடைசியில், "நன்றியுரையை ஆய்வேடு எழுதும்போது வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அங்கே இடம் உண்டு" என்றார்.

வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். போகிற வருகிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஒரு வாரமாகப் பசியே தெரியாத வயிறு அந்தப் படியில் உட்கார்ந்தபடி கபகபவென்று எரிந்தது. இதைப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளே, வெளிநாட்டுக்குப் படிக்க வந்தால் நன்றியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் வைக்காதீர்கள்.

7

வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன். வஞ்சிரம் கிடைக்காத ஊர். இங்கே கிடைக்கிற மீனுக்கு நம் புளியும் மிளகாயும் போட்டால் அதுவும் முரண்டு பிடிக்காமல் வெந்துவிடுகிறது. குழம்பு கொதிக்கும்போது கணினியைத் திறந்து, காணாமல் போயிருந்த கூட்டல் குறிகளை மறுபடியும் பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டிவிட்டு, அந்த நன்றியுரைப் பக்கத்தை அழிக்கப் போனேன்.

"இரு" என்றாள் ஷெரின். தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு அவளே அழித்தாள். உச்சியில் இருந்த கூட்டல் குறிகளை ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, அவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். இந்த முறை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். இவ்வளவு நடந்த பிறகும் வாயால் சொல்லாமல் இருந்தால் நான் என்ன மனுஷி என்று தோன்றியது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஷெரின், உனக்கு நான் ஒரு தாங்..."

"அய்ய, வுடு மா. இன்னா நீ, பேஜார் பண்ணிகினு."

குனிந்து சாப்பிட்டாள். காரம் ஏறி மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரத்தில் தட்டு என் முன்னால் நீண்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். தாங்ஸ் வருமோ என்று பயந்துகொண்டு அவள் வாயையே பார்த்தேன். வரவில்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே.